யார் பெயரில், யார் கையில்

"ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய்னு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே குடுத்தாங்க அத்தை? அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

கேட்டவள் என் அண்ணன் மகள். சமூகப்பணி படிக்கிறாள். நோய்த்தொற்றுக் காலத்தில் அரசு தரும் உதவிகளைப் பெண்களின் நிலையறிந்து எப்படி வடிவமைப்பது என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சேலம் மாவட்டப் பனமரத்துப்பட்டிப் பக்கத்து மகளிர் குழுக்களுக்குப் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான் என்பதால், நோட்டும் கையுமாக வந்துவிட்டாள். டீயை ஆற்றிக் கையில் கொடுத்து, "உட்காரு கண்ணு. கேள்வி சரியான கேள்விதான். பதில் ஒரு டீயில் முடியாது" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரளித் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எங்கள் வட்டாரத்தில் அரளி நிறைய. மல்லிகை மாதிரி இதை யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. சாமிக்குத்தான் போகும். மொட்டாக இருக்கும்போதே விடியற்காலையில் பறித்து, பை பையாகக் கட்டிச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விலை போகாது. பறிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். விஷப்பால். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவே நாடு முழுக்க ஊரடங்கு. கோயில் நடைகள் பக்தர்களுக்கு அதற்கு முன்பே அடைத்தாகிவிட்டது. பெரிய கோயில்களில் மறுபடி சாமி கும்பிட விட்டது செப்டம்பர் 1-ஆம் தேதிதான். ஐந்து மாதத்துக்கு மேல் அரளிக்கு வேலையே இல்லை. செடிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு மொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தில் இரண்டு பேருக்கு வருமானம் போயிற்று. தோட்டக்காரருக்கு ஒன்று, பறிக்கப் போன பெண்ணுக்கு ஒன்று. தோட்டக்காரர் பட்டாதாரர். பிஎம் கிசான் திட்டத்தில் அவர் பெயர் இருந்தால், வருஷத்துக்கு 6,000 ரூபாயில் ஒரு தவணையான 2,000 ரூபாயை ஏப்ரலிலேயே முன்கூட்டிப் போட்டார்கள். அவருக்கு வந்த நஷ்டத்துக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. ஆனாலும் ஏதோ ஒன்று வந்தது. பறிக்கப் போன பெண்ணுக்கு நிலம் இல்லை, பட்டா இல்லை. அவள் கட்டிடத் தொழிலாளி இல்லை, அதனால் அந்த நலவாரியம் கொடுத்த 1,000 ரூபாயும் இல்லை. தோட்டம் ஒன்று, நஷ்டம் ஒன்று, நோய் ஒன்று. தொழிலுக்கென்று வந்த பணம் மட்டும் ஒருத்தர் வீட்டுக்குப் போனது, இன்னொருத்தர் வீட்டுக்குப் போகவில்லை.

"வேணும்னே விட்டுட்டாங்களா?" என்றாள் அவள்.

இல்லை கண்ணு. யாரும் வேண்டுமென்று விடவில்லை. இதைத்தான் நீ முதலில் எழுத வேண்டும். ஊரடங்கு அறிவித்த இரண்டாம் நாள், மார்ச் 26-ஆம் தேதி, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். இரண்டு நாளில் யாரும் புதிதாகக் கணக்கெடுக்க முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கும் பட்டியலை எடுத்துத்தான் பணம் போட முடியும். விவசாயி பட்டியல், ஜன்தன் பட்டியல், கட்டிடத் தொழிலாளர் பட்டியல், கேஸ் இணைப்புப் பட்டியல். ஏரியில் தண்ணீர் திறந்தால் வெட்டி வைத்த வாய்க்காலில்தான் ஓடும். அன்றைக்குப் போய் வாய்க்கால் வெட்ட முடியுமா? பெண்களின் வேலை எந்தப் பட்டியலிலும் ஏறாமல் கிடந்தால், ஆபத்துக் காலத்தில் பணமும் அவர்களை எட்டாமல்தான் போகும். நோய் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் யாரை எழுதினோம், யாரை எழுதவில்லை என்பது அந்த இரண்டு நாளில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

"ஆனா பொம்பளைங்களுக்குன்னே 500 ரூபாய் போட்டாங்களே?"

போட்டார்கள். ஜன்தன் கணக்கு வைத்திருந்த சுமார் 20 கோடிப் பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் என்று மாதம் 500, ஆக 1,500 ரூபாய். பெண்ணின் பெயரில், அவள் கணக்கில் நேராகப் போடுவது என்ற யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். அது பெரிய விஷயம். சிக்கல் அந்த 'ஜன்தன்' என்ற நிபந்தனையில் இருக்கிறது. ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28-இல் வந்தது. நம் பக்கத்தில் பெண்கள் பேங்குக்குப் போகத் தொடங்கியது அதற்கு வெகு முன்னால். மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் பக்கத்துத் தர்மபுரியில்தான் தொடங்கியது, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். குழுவில் சேர்ந்தபோதும், பிறகு நூறு நாள் வேலைக்கும் கணக்கு ஆரம்பித்த பெண்களில் எத்தனையோ பேருடையது சாதாரண சேமிப்புக் கணக்கு. அவர்கள் ஏழைகள், பெண்கள், பேங்கில் கணக்கும் உண்டு. ஆனால் அது ஜன்தன் கணக்கு இல்லை. அதனால் 500 இல்லை. முன்கூட்டியே பேங்குக்குப் போனவளுக்கு அதுவே தடையாகிவிட்டது.

யேல் பல்கலைக்கழகத்தின் ரோகிணி பாண்டேயும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அந்த ஏப்ரலிலேயே கணக்குப் போட்டு எச்சரித்தார்கள்: நாட்டில் உள்ள ஏழைப் பெண்களில் பாதிக்கு மேல் இந்தப் பணத்தைப் பெறாமல் போகக்கூடும் என்று. கணக்கு இருந்தவளுக்கும் பணத்தை எடுப்பது சுலபமாக இல்லை. கூட்டம் சேரக்கூடாது என்று, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்துக் கொடுத்தார்கள். பூஜ்யம், ஒன்று என்று முடிந்தால் ஏப்ரல் 3. இரண்டு, மூன்று என்றால் ஏப்ரல் 4. எட்டு, ஒன்பது என்றால் ஏப்ரல் 9. கூட்டத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஸ் ஓடவில்லை. தன் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெண்ணுக்குக் கடைசி இலக்கம் என்ன என்று வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்கிறவருக்குப் பணம் வந்ததும் தெரிந்துவிடும்.

இப்போது உன் ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். மார்ச் 24-ஆம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி, நம் மாவட்டத்துக்காரர், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் 1,000 ரூபாயும் ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசம் என்றார். அடுத்த வருஷம் 2021 மே 7-இல் மு.க. ஸ்டாலின் பதவியேற்ற அன்றே 4,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தவணை, சுமார் 2 கோடியே 7 லட்சம் குடும்பம். அரளி பறித்த பெண்ணுக்குக் கட்டாயம் வந்து சேர்ந்த பணம் இதுதான். டோக்கன் கொடுத்தார்கள். நடந்து போகிற தூரத்தில் கடை. பேங்க் வேண்டாம், கைரேகை வேண்டாம், மனு எழுத வேண்டாம். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

என் மனசில் பட்டதை வெளிப்படையாகவே சொல்கிறேன். 'பெண்களுக்கு' என்று பெயர் வைத்த 500 ரூபாயை விட, பெண் என்ற பேச்சே இல்லாத இந்த 1,000 ரூபாய்தான் நம் ஊரில் அதிகப் பெண்களுக்கு உதவியது. காரணம் தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது என்பது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும் அரசு அந்த முறையைக் கைவிடவில்லை. ஏழையா இல்லையா என்று சல்லடை போடும்போதெல்லாம், காகிதம் இல்லாதவர்கள் முதலில் உதிர்கிறார்கள். காகிதம் இல்லாதவர்களில் பெண்கள் அதிகம். ஆகவே எல்லாருக்கும் கொடுப்பதே பெண்களுக்குச் செய்யும் முதல் நல்ல காரியம் என்று எழுதிக்கொள்.

எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப பிரச்சினை முடிஞ்சுதே?" என்றாள்.

பாதிதான் முடிந்தது. அட்டை என்பது குடும்பத்துக்கு. குடும்பம் என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று அட்டைக்குத் தெரியாது. புருஷனை விட்டு வந்து அம்மா வீட்டில் இருக்கிறவளின் பெயர் இன்னும் அவன் அட்டையில் இருக்கும். அங்கே பெயர் நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். அவள் பங்கு ஆயிரத்தை அவன் வாங்கியிருப்பான். அண்ணன் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதவைத் தங்கைக்கும், மாமியார் அட்டையில் இருக்கும் இரண்டு மருமகள்களுக்கும் சேர்த்து ஒரே ஆயிரம். எட்டுப் பேர் இருந்தாலும் ஆயிரம், ஒருத்தி இருந்தாலும் ஆயிரம். பெற்ற வீட்டிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கைக்கு அட்டையே இல்லை. திருநங்கையர் உரிமைக்குப் போராடும் கிரேஸ் பானு அதற்காகத்தான் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டு நாடு என் நினைவில் நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு சின்ன நாடு. 2020 ஏப்ரலில் 'நோவிசி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு என்று இல்லை, தனித்தனி ஆளுக்கு, அவரவர் செல்போனுக்கு. தலைநகர்ப் பகுதியில் மாதம் ஆணுக்கு 10,500 பிராங்க், பெண்ணுக்கு 12,250. பெண்ணுக்கு ஏன் கூட? வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பது அவள் என்பதால். பிரேசிலில் அவசர உதவி 600 ரெயால். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அதுவே இரண்டு மடங்கு, 1,200. கணவன் இல்லாத வீட்டில் ஒருத்தியே இரண்டு ஆள் வேலை பார்க்கிறாள் என்று அரசு ஒப்புக்கொண்ட மாதிரி அது.

டீ ஆறிவிட்டது. இன்னொரு தடவை சூடு பண்ணிக் கொடுத்தேன். அடுத்துச் சொல்ல வேண்டியது கடன். கணக்கு எழுதியவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குப் பேச்சு நீண்டுவிடும்.

அந்த மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மூன்று மாதத்துக்குத் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. டிவியில் கேட்டபோது எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த அறிவிப்பில் மூன்று விஷயம் பெண்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒன்று, தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது, அசலோடு ஏறிக்கொண்டே போகும். இரண்டு, கடன் கொடுத்தவர்கள் தள்ளிப்போட அனுமதி கொடுக்கலாம் என்றுதான் உத்தரவு. தானாக எல்லாருக்கும் நின்றுவிடாது. மூன்று, குழுக்கடன் வேறு மாதிரி. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் வசூலுக்கு வருகிறவர் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரியே கேட்பாள். ஊரடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கம்பெனியிலிருந்து குழுத் தலைவிக்குப் போன் வந்தது. தலைவி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கட்ட வேண்டாம்னு மோடி சொன்னாராம். இவரு கட்டணும்ங்கறாரு. எதுங்கக்கா நெசம்?" அவள் கையில் தவணை அட்டை. வாரா வாரம் ஒரு கையெழுத்து, ஒரு தொகை. மார்ச் கடைசி வாரம் வரை நிரம்பியிருந்தது, அதற்கு மேல் வெற்றுக் கட்டம். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம். நான் உத்தரவைப் படித்துச் சொன்னேன். சொன்னாலும் அவள் தூங்கியிருக்க மாட்டாள். தோடு, மூக்குத்தி அடகுக்குப் போனது.

ஒரு அறிவிப்பை வடிவமைப்பது என்றால் இதுதான் கண்ணு. 'தள்ளிப்போடலாம்' என்று எழுதுவதற்கும், 'சிறு கடன் எல்லாம் இன்று முதல் தானாக நிற்கும், வட்டியும் நிற்கும், வீட்டு வாசலுக்கு யாரும் வரக்கூடாது' என்று எழுதுவதற்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பெண்களின் தூக்கம் இருக்கிறது. படித்தவர், பேங்கு மேனேஜரைப் போனில் பிடிக்கத் தெரிந்தவர், முதல் வகை உத்தரவை வைத்துப் பிழைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். அதை ஒரு பக்கத் தமிழ் நோட்டீஸாக அடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தால்கூடப் போதும். பிறகு 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கியிருந்த 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக மாநில அரசு அறிவித்தது. பெரிய ஆறுதல். தனியார் கம்பெனியில் வாங்கியவர்களுக்கு அதில் இடமில்லை. ஊரடங்கில் அதிகமாக நெருக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

பணம் எப்போது வருகிறது என்பதும் ஒரு விஷயம். 2020 ஏப்ரலில் அந்த ஆயிரம் வந்தபோது டாஸ்மாக் கடைகள் மூடியிருந்தன. அந்த மாதம் பணம் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போனது. மே 7-இல் கடையைத் திறந்தார்கள். பெண்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட, 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. வேலை இன்னும் திரும்பாத வீட்டில் கடை மட்டும் திறந்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும்? நிவாரணத்தைத் திட்டமிடுகிற மேசையும், மதுக்கடை நேரத்தை முடிவு செய்கிற மேசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

"வேலையைப் பத்திச் சொல்லவே இல்லையே அத்தை" என்றாள்.

சொல்கிறேன். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 மே மாதம் ஒரு அறிக்கை வெளியிட்டது. முதல் ஊரடங்கில் வேலை இழந்து, அந்த வருஷக் கடைசி வரை திரும்பவே முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். ஆண்களில் 100-க்கு 7. பெண்களில் 100-க்கு 47. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.

ஏன் திரும்ப முடியவில்லை என்பதற்கு வீட்டுக்குள் பார்க்க வேண்டும். நோய் வருவதற்கு முந்தின வருஷம், 2019-இல், மத்திய அரசே நாட்டு மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அந்த வேலை செய்கிற பெண் நாளைக்கு 299 நிமிஷம் கொடுக்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிஷம். செய்கிற ஆண்களே 100-க்கு 26 பேர்தான். இது சாதாரண நாளில். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1. ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் வீட்டில். அங்கன்வாடி மூடல். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், அது சரிதான். ஆனால் அதுவரை சத்துணவு ஆயா சமைத்த சாப்பாட்டை இனி அம்மா சமைக்க வேண்டும். அரிசிக்கு அரசு கணக்கு வைத்தது, சமைக்கும் நேரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. காய்ச்சல்காரரைப் பார்ப்பது, கை கழுவத் தண்ணீர் கூடுதலாகத் தூக்குவது எல்லாம் அவள் தலையில். உலகம் முழுக்க இதே கதைதான். ஐ.நா. பெண்கள் அமைப்பும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2020 செப்டம்பரில் எல்லா நாட்டு நிவாரண நடவடிக்கைகளையும் அலசிப் பார்த்தபோது, சமூகப் பாதுகாப்பு, வேலை சம்பந்தப்பட்டவற்றில் பிள்ளை, முதியோர் பராமரிப்புச் சுமையைத் தொட்டவை பத்தில் ஒன்றுகூட இல்லை.

நூறு நாள் வேலையை இங்கேதான் பார்க்க வேண்டும். அப்போது தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் 100-க்குச் சுமார் 85 பேர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அவரவர் கணக்கில். 2020-21-க்கு அது 229-லிருந்து 256 ஆனது. ஏப்ரல் 20-க்குப் பிறகு இடைவெளி விட்டு வேலை தொடங்க அனுமதி வந்தது. அந்த வேலையைச் சீக்கிரம் திறப்பதே ஒரு பெண்கள் திட்டம்தான். வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஒருத்தியை வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அங்கன்வாடி மூடியிருந்த நாளில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பள்ளிக்கூடம் மூடியதில் இன்னொன்றும் நின்றது. புதுயுகம் திட்டத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட் நாப்கின். பள்ளியில் படிப்பவளுக்கு அது பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும். பள்ளி இல்லை என்றால் அந்த வழி அடைந்துவிடும். கல்யாணமும் அப்படித்தான். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் குழந்தைத் திருமணம் புதிதில்லை. பள்ளி இல்லை, கையில் காசு இல்லை, கூட்டம் கூடாது என்பதால் கல்யாணச் செலவும் கம்மி. இந்த மூன்றும் சேர்ந்தால் பதினாறு வயசுப் பெண்ணின் கதி என்ன? இது முன்கூட்டித் தெரியாத விஷயமும் இல்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்து பள்ளிகள் மூடியபோது சியரா லியோனில் நிறையச் சிறுமிகள் கர்ப்பமானார்கள். அந்த அரசு என்ன செய்தது தெரியுமா? 2015-இல் பள்ளி திறந்தபோது கர்ப்பிணிச் சிறுமிகள் வரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடையை நீக்கியது 2020 மார்ச் கடைசியில், அடுத்த நோய் வாசலுக்கு வந்த பிறகு. நம் மாநிலம் எடுத்த ஒரு முடிவு எனக்குப் பிடித்தது. கல்யாணத்துக்குத் தங்கமும் பணமும் கொடுத்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 என்று 2022 செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் திட்டமாக்கியது. பணத்தை எந்த நாளோடு முடிச்சுப் போடுகிறோம் என்பது முக்கியம் கண்ணு. கல்யாண நாளோடு முடிச்சுப் போட்டால் வீடு அந்த நாளைப் பார்த்துக் காத்திருக்கும். கல்லூரி அட்மிஷனோடு முடிச்சுப் போட்டால் இதைப் பார்த்துக் காத்திருக்கும்.

அடி உதை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்கு உரியது. 181 என்ற உதவி எண் நம்மிடம் 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஊரடங்கில் ஒரே அறை வீட்டில், போன் அவன் கையில் இருக்கும்போது, எப்படிக் கூப்பிடுவாள்? ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் 2020 மார்ச்சில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்துக்கடைக்குப் போய் 'மாஸ்க் 19' என்று கேட்டால் போதும், கடைக்காரர் புரிந்துகொண்டு போலீசுக்குச் சொல்லுவார். ஊரடங்கிலும் அவள் போக அனுமதி உள்ள இடம் மருந்துக்கடை. நமக்கு அந்த இடம் ரேஷன் கடை, அங்கன்வாடி வாசல், ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து வைக்க இப்போதே முடியும்.

"இதுல நல்லா வடிவமைச்சதுன்னு நீங்க எதைச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

யோசிக்காமலே சொன்னேன்: டவுன் பஸ். 2021 மே 7-இல் ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மறுநாளே அமலுக்கு வந்தது. மே 10-இலேயே முழு ஊரடங்கு வந்து பஸ் நின்றுபோனதால் அப்போது அதன் அருமை தெரியவில்லை. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு பார்த்தேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள், ஜவுளிக்கடைக்குப் போகிறவள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எல்லாரும் ஏறினார்கள். மனு இல்லை, வருமானச் சான்று இல்லை, பேங்க் கணக்கு இல்லை, குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி இல்லை. ஏறி உட்கார்ந்தால் திட்டம் அவளுக்குச் சேர்ந்துவிட்டது. புருஷன் வாங்கிக்கொள்ள முடியாத உதவி அது. வேலை இழந்து திரும்ப முடியாமல் போன அந்த 47 பேரை நினைத்துப் பார். கூலி 300 ரூபாய் என்றால் போக வர டிக்கெட்டுக்கே ஒரு பங்கு போய்விடும் என்று வீட்டில் உட்கார்ந்தவளை மறுபடி வாசல் தாண்ட வைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. பின்னட்டையில் எழுத ஆரம்பித்தாள். "கடைசியா ஒண்ணு. இப்ப மறுபடி ஒரு நோய் வந்தா, நம்மகிட்ட பட்டியல் இருக்கா?"

இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. தொடக்கத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்கள், மாதம் 1,000, அவரவர் கணக்கில். பிறகும் ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் பணம் போய்ச் சேர்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கும் பட்டியல் இது. 2020 மார்ச்சில் இது இருந்திருந்தால் அரளி பறித்தவளுக்கு முதல் வாரமே பணம் போயிருக்கும். சம்பளமில்லாத வீட்டு உழைப்புக்கு அரசு தரும் மரியாதை என்று இதை அறிவித்தார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் இதன் விதிகள் சாதாரண நாளுக்குப் போட்டவை. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள். வருஷ மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். நான்கு சக்கர வண்டி கூடாது. ஒரு அட்டைக்கு ஒருத்தி. நாமக்கல் பக்கம் கடனில் ஒரே ஒரு லாரி வாங்கி அதைத் தானே ஓட்டுகிறவன் வீட்டை நினைத்துப் பார். லாரி ஓடும்போது அந்த வீட்டுக்கு ஆயிரம் தேவையில்லை என்று அரசு சொல்லலாம், நியாயம். ஊரடங்கில் லாரி நின்ற மறுநாள் அந்த வீட்டில் தவணை மட்டும் இருக்கும், வருமானம் இருக்காது, அவள் பெயர் பட்டியலிலும் இருக்காது. அண்ணன் அட்டையில் ஒட்டியிருக்கும் தங்கைக்கு அன்றும் இதே நிலைமைதான்.

அதனால் உன் கட்டுரையில் கடைசிப் பக்கத்தை அரசாணை மாதிரியே எழுது கண்ணு. பேரிடர் என்று அறிவித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு இந்த வரம்புகள் நிற்கும், ஒரு அட்டையில் உள்ள வயது வந்த பெண்கள் எல்லாருக்கும் தனித்தனியாகப் பணம் போகும், அட்டை இல்லாதவள் ஆதார் காட்டி ரேஷன் கடையிலேயே பதிந்துகொள்ளலாம், ஐம்பதாயிரத்துக்குக் குறைவான குழுக்கடன் வட்டியோடு தானாக நிற்கும். இந்த நாலு வரியையும் நோய் இல்லாத இந்த வருஷத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொகை எவ்வளவு என்பதை மட்டும் அப்போது நிரப்பிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் இரண்டு பிரதி எடு. ஒன்று உன் கல்லூரிக்கு. இன்னொன்றை என்னிடம் கொடு, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கக் குழுப் பெண்களோடு நான் போகிறேன்.